மெல்வினியாவின் அக்கம்பக்கம்

காரை பிரேக் பேட் மாற்றக் கொடுத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். கடைக்குள் அலறிக்கொண்டிருந்த டிவி தாங்காமல் வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன். அமெரிக்கப் புறநகர்ச் சாலையில் ஒருத்தி நடந்து போனால் காரில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ஊர் பெயர் ரெக்ஸ். அட்லான்டா விமான நிலையத்துக்குத் தென்கிழக்கே, கிளேட்டன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, அட்லான்டாக்காரர்களிடமே சொன்னால் எங்கே என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே சாலையோரமாக ஒரு நினைவுக்கல். உள்நாட்டுப் போரில் செத்த ஏதோ ஒரு தளபதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் கிட்டே போனேன், இந்தப் பக்கத்தில் அந்த மாதிரிக் கற்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் கல்லில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர், மெல்வினியா ஷீல்ட்ஸ். 1844-ல் தென் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவள், சிறுமியாக இந்தக் கவுண்டிக்குக் கொண்டுவரப்பட்டவள், ஐந்து தலைமுறை கழித்து அவள் வழியில் வந்தவர் மிஷெல் ஒபாமா.

2012-ல் வைத்த கல். அதன் எதிரே நின்றபடி என் மனதுக்குள் ஓடியது ஒரு வாட்ஸ்ஆப் ஃபார்வர்ட். உங்களுக்கும் வந்திருக்கும். நம் முன்னோர் ஏழு தலைமுறைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள் என்று ஆரம்பித்து, நாம், தந்தை தாய், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி, ஓட்டன் ஓட்டி, சேயோன் சேயோள், பரன் பரை என்று அடுக்கி, "பரம்பரை" என்ற சொல்லே அப்படித்தான் வந்தது என்று புல்லரிக்க வைத்து முடியும். அந்தச் சொல்லாராய்ச்சியை நான் நம்புவதில்லை. ஆனால் கணக்குப் போட வசதியான பட்டியல். மிஷெலின் தாய் மேரியன். பாட்டன் பர்னெல் ஷீல்ட்ஸ். பூட்டன் ராபர்ட் லீ ஷீல்ட்ஸ். ஓட்டன் டால்ஃபஸ் ஷீல்ட்ஸ். அவரைப் பெற்ற மெல்வினியா, சேயோள். எனக்கு என் பூட்டியின் பெயரே தெரியாது. அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், "ஏதோ அம்மாள்னு முடியும், நாங்க ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆவணக் காப்பகம்.

அப்புறம்தான் இது ஒரு பைத்தியமாகப் பிடித்தது. மெல்வினியாவைக் கண்டுபிடித்தவள் நானில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளரும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும் சேர்ந்து தேடி, 2009 அக்டோபரில் வெளியிட்ட கதை இது. நான் செய்ததெல்லாம் அவர்கள் போன வழியிலேயே பின்னால் நடந்து, ஒவ்வொரு தாளும் எங்கே, எப்படி, யார் கையில் உண்டானது என்று பார்த்ததுதான்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், எண்பதை நெருங்கும் கருப்பினப் பெண்மணி. நான் அவரை மிஸ் என்று சேர்த்துத்தான் கூப்பிடுவேன், இங்கே தெற்கில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. அவர் என்னை ஹனி என்பார். ஒருநாள் வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது ரெக்ஸ் கல்லைப் பற்றிச் சொன்னேன். "உனக்கு கம்ப்யூட்டர் நன்றாக வரும் இல்லையா, என் பாட்டியின் ஆட்களைக் கொஞ்சம் தேடிக் கொடேன்" என்றார். இப்படித்தான் ஒரு தமிழச்சி சனிக்கிழமைகளில் ஜார்ஜியா மாநில ஆவணக் காப்பகத்தில் பென்சிலும் கையுமாக உட்கார ஆரம்பித்தாள். பேனா உள்ளே கொண்டுபோக முடியாது, பையை வெளியே லாக்கரில் வைக்க வேண்டும். காப்பகம் இருப்பது மோரோ என்ற ஊரில், அதுவும் கிளேட்டன் கவுண்டிதான். பக்கத்திலேயே தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்லான்டா கிளை. மெல்வினியா இருந்த பண்ணையிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான்.

முறை எளிது. இன்றிலிருந்து பின்னோக்கி, பத்துப் பத்து வருடமாக இறங்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை 72 வருடம் பூட்டி வைத்துத்தான் திறப்பார்கள், 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தன. அங்கிருந்து 1940, 1930 என்று படிப்படியாக இறங்கினால் 1900 வரை சறுக்குமரம் மாதிரிதான். 1900-ல் பிறந்த மாதம், வருடம், ஒரு தாய் எத்தனை பெற்றாள், அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள், ஆறு பெற்று இரண்டு தங்கியது என்பதை ஒரு கட்டத்தில் ஆறு, அடுத்த கட்டத்தில் இரண்டு என்று பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும். அடுத்த படி 1890, அந்தப் படியே இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் நிலவறையில் தீப்பிடித்து, எரிந்தது பாதி நனைந்தது பாதி என்று, கடைசியில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. ஆக 1900-லிருந்து 1880-க்கு ஒரே தாவல், இருபது வருடம். அதற்குள் பிள்ளைகள் பிறந்து, கல்யாணம் ஆகி, ஊர் மாறிப் போயிருப்பார்கள். 1880-ல்தான் முதல் தடவையாக வீட்டுத் தலைவருக்கு இன்னார் என்ன உறவு என்று கேட்டார்கள். 1870-ல் அதுவும் இல்லை, ஒரு கூரையின் கீழ் இருந்தவர்களை வயதை வைத்து நாமேதான் மனைவி, மகள், மாமியார் என்று ஊகிக்க வேண்டும்.

கருப்பினத்தவருக்கு 1870-தான் சுவர். அதற்கு முன்னால் சுதந்திரமாக இருந்த சிலரைத் தவிர அவர்கள் யாருக்கும் கணக்கெடுப்பில் பெயர் கிடையாது. 1860-ல் ஏறக்குறைய 39 லட்சத்து 53 ஆயிரம் பேர் அடிமைகள். அவர்களுக்கென்று தனித் தாள், அடிமை அட்டவணை என்று பெயர். ஒரு சனிக்கிழமை அதில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் உடைமையாளர் பெயர், அழகான சாய்ந்த எழுத்தில். அதற்கு நேரே 1, பிறகு வயது 35, பிறகு பெ, பிறகு க. அடுத்த வரி, 1, 12, ஆ, க. அடுத்தது, 1, 3, பெ, மு. கருப்பு என்றால் க, கலப்பு என்றால் மு, முலாட்டோ என்ற சொல்லின் முதல் எழுத்து (ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், அவ்வளவுதான்). முப்பத்தைந்து வயதுக்காரி அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அம்மாவா, மூன்று வயதுக் குழந்தை யாருடையது, எதுவும் தெரியாது. ஓடிப்போனவர்களுக்கும் விடுவிக்கப்பட்டவர்களுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, பெயருக்குத்தான் இல்லை. 1850-ல் சட்டம் போடும்போது அடிமைகளின் பெயரையும் எழுதலாம் என்று முதலில் யோசனை இருந்திருக்கிறது, செனட்டில் தென்மாநிலத்தார் எதிர்த்து அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவைத்திருந்தால் பக்கத்து வீட்டம்மாவும் நானும் இத்தனை சனிக்கிழமை செலவழித்திருக்க மாட்டோம்.

அதனால் என்ன ஆகிறதென்றால், சுவரைத் தாண்ட வேண்டுமானால் உங்கள் பாட்டியைத் தேடுவதை நிறுத்திவிட்டு, உங்கள் பாட்டியை விலைக்கு வைத்திருந்தவரைத் தேட வேண்டும். அவருடைய உயில், சொத்து மதிப்பீடு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை. உங்கள் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள், ஆடு மாடுகளுக்கு நடுவில்.

மெல்வினியா கிடைத்ததும் அப்படித்தான். தென் கரோலைனாவில் ஸ்பார்ட்டன்பர்க் பக்கத்தில் டேவிட் பேட்டர்சன் என்ற வயதான நிலக்காரர், 1850-ல் உயில் எழுதுகிறார். ராட்டைகள், அரிவாள்கள், மேசைவிரிப்புகள், மாடுகள் என்று யார் யாருக்கு எது என்று பிரிக்கிறார். அந்த வரிசையில் "நீக்ரோப் பெண் மெல்வினியா" வருகிறாள். ஆறு வயது. மனைவி ரூத்துக்கு, அவர் உயிரோடு இருக்கும் வரை. 1852-ல் பேட்டர்சன் இறந்த பிறகு, கணக்குப் பார்க்க வந்தவர்கள் பண்ணையில் இருந்த ஒவ்வொன்றுக்கும் விலை போடுகிறார்கள். மெல்வினியாவுக்கு 475 டாலர். உயிலில் சொன்னபடியும் நடக்கவில்லை, அவள் ரூத்திடம் இருக்கவில்லை. ஜார்ஜியாவில் கல்யாணமாகிப் போயிருந்த பேட்டர்சனின் மகள் கிறிஸ்டியன், மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸ், இவர்களுடைய பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சுந்தரர் கதை நினைவுக்கு வந்தது. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் எனக்கு அடிமை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீயும் எனக்கு ஆள் என்பார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுவார். கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்துக் காட்ட, பாட்டனின் கையெழுத்தை ஒத்துப் பார்த்துச் சரிதான் என்று தீர்ப்பு வரும். சின்ன வயதில் இதைப் பக்திக் கதையாக மட்டும்தான் கேட்டேன். பாட்டன் எழுதிய ஓலைக்குப் பேரனும் அடிமை, அதைக் கேட்டு அந்தச் சபையில் யாருக்கும் ஆச்சரியமில்லை என்பது ஸ்பார்ட்டன்பர்க் உயிலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நம்மூரிலும் ஆளோலை எழுதி விற்றவர்கள், விற்கப்பட்டவர்கள் உண்டு. கும்பினி அரசு அதைச் சட்டம் போட்டுத் தொட்டதே 1843-ல்தான், மெல்வினியா பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால். சரி, அது வேறு கட்டுரை.

பேட்டர்சன் பண்ணையில் இருபது பேருக்கு மேல் அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் யாராவது மெல்வினியாவுக்கு அம்மாவாக, அப்பாவாக, அத்தையாக இருந்திருக்கலாம். தாள் சொல்லவில்லை. ஷீல்ட்ஸ் பண்ணை 200 ஏக்கர். கோதுமை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பருத்தி. இங்கே அடிமைகள் மொத்தமே மூன்று பேர்தான். இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். சினிமாவில் பார்க்கிற தூண் வைத்த மாளிகை, நூறு பேர் வரிசையாகப் பருத்தி எடுக்கும் வயல், அதெல்லாம் இல்லை. சின்னப் பண்ணை, எஜமானரும் அவர் பிள்ளைகளும் அடிமையும் கூப்பிடு தூரத்தில் கிடந்து உழன்ற இடம். ஒரு பெண்பிள்ளைக்கு ஒளிய இடமோ, ராத்திரி போய் அழ இன்னொரு அடிமைக் குடிசையோ இல்லாத இடம்.

1860-ஐ ஒட்டி அவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான், டால்ஃபஸ். அவளுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. அப்பா வெள்ளைக்காரர். ஹென்றி ஷீல்ட்ஸுக்குப் பத்தொன்பதிலிருந்து இருபத்து நான்கு வயது வரை வளர்ந்த மகன்கள் இருந்தார்கள். யார் என்பது நூற்றைம்பது வருடம் ஊகமாகவே கிடந்தது. அதன்பிறகு கருப்பர் கிளையிலும் வெள்ளையர் கிளையிலும் வந்த இன்றைய வாரிசுகளின் டிஎன்ஏவை ஒத்துப் பார்த்து, ஹென்றியின் மகன் சார்ல்ஸ் மேரியன் ஷீல்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று 2012-ல் சொன்னார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது 1662-லேயே வர்ஜீனியாவில் எழுதிவைத்த சட்டம், பின்னால் தெற்கு முழுக்க அதுதான். ஆகவே டிஎன்ஏ சொல்வது சரியென்றால், ஹென்றி ஷீல்ட்ஸின் சொத்துக் கணக்கில் அவருடைய சொந்தப் பேரனும் இருந்திருக்கிறான்.

அந்த உறவு என்ன மாதிரியானது என்பதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். காதலாக இருந்திருக்கலாமோ என்று கூட. எனக்கு இந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கிறது. அடிமை ஒருவர் வெள்ளையருக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்லவே முடியாத நாட்டில், 475 டாலர் விலை போட்ட பெண்பிள்ளையிடம் இஷ்டமா இல்லையா என்று யார் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் ஒரு தாள் என்னை நிறுத்தி வைத்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1864 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் ஜோன்ஸ்பரோவில் சண்டை. அட்லான்டா விழுந்ததே இந்தச் சண்டையால்தான். ரெக்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், பீரங்கிச் சத்தம் மெல்வினியாவுக்குக் கேட்டிருக்கும். இருபது வயதுப் பெண், இடுப்பில் ஒரு பிள்ளை. (இன்று ஜோன்ஸ்பரோவில் பருத்திப் பண்ணை எஜமானி ஒருத்தியைப் பற்றிய "கான் வித் த விண்ட்" என்ற பழைய நாவலுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. இல்லாத பண்ணையைத் தேடி வருகிறவர்கள் ரெக்ஸ் பக்கம் திரும்பினால் உண்மையான பண்ணை இருந்த ஊரைப் பார்க்கலாம், திரும்புவதில்லை.) அடுத்த வருட வசந்தத்தில் போர் முடிந்தது, டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த பதிமூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. இனி அவள் யாருடைய சொத்தும் இல்லை.

ஐந்து வருடம் கழித்து 1870 கணக்கெடுப்பு. முதல் முறையாகப் பெயரோடு வருகிறாள், மெல்வினியா ஷீல்ட்ஸ், நான்கு பிள்ளைகள். அதில் மூன்று பேருக்கு நிறக் கட்டத்தில் மு. ஒரு பிள்ளை விடுதலைக்கு நான்கு வருடத்துக்குப் பிறகு பிறந்தது. பக்கத்து வீடு யார் என்று பார்த்தால், சார்ல்ஸ் ஷீல்ட்ஸ். கணக்கெடுப்பவர் வீடு வீடாக நடந்து போய் எழுதியதால், அந்தத் தாளில் மேலும் கீழுமாக இருப்பவர்கள் பெரும்பாலும் நிஜ வாழ்க்கையிலும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள்தான். விடுதலை கிடைத்த பிறகும் ஏன் அங்கேயே இருந்தாள்? போக இடமில்லையா, கையில் காசில்லையா, நான்கு பிள்ளைகளோடு எங்கே போவது என்றா, வேறு ஏதாவதா? ஷீல்ட்ஸ் என்ற பெயரை ஏன் பிள்ளைகளுக்கு வைத்தாள்? அப்பன் பெயர் என்றா, எழுதியவர் தானாகப் போட்டுக்கொண்டதா? வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் சொன்ன என் எரிச்சல் குறையவில்லை, ஆனால் தெரிந்தமாதிரிப் பேசும் தைரியம் குறைந்தது.

ரெக்ஸ் கல்லும், பத்திரிகைத் தலைப்புகளும், இந்தக் கதையை அடிமைக் குடிசையிலிருந்து வெள்ளை மாளிகை வரை என்று ஒரே கோடாக இழுத்துவிடுகின்றன. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. மிஷெல் பிறப்பதற்கு கால் நூற்றாண்டு முன்பே மெல்வினியா போய்ச் சேர்ந்தாயிற்று, வெள்ளை மாளிகை அவள் வாழ்க்கையில் எங்குமே இல்லை. அவள் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் என்று எனக்குப் படுவது முப்பது நாற்பது வயதில் அவள் ஊர் மாறியது. கிளேட்டன் கவுண்டியை விட்டுப் பிள்ளைகளோடு வடமேற்கே, அட்லான்டாவையும் தாண்டி, பார்ட்டோ கவுண்டியில் கிங்ஸ்டன் என்ற ரயில் சந்திப்பு ஊருக்குப் போகிறாள். ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அங்கே யார் இருக்கிறார்கள்? மரையா ஈஸ்லி, போலஸ் ஈஸ்லி. தென் கரோலைனாவில், அதே பேட்டர்சன் பண்ணையில், அவள் குழந்தையாக இருந்தபோது கூட இருந்த அடிமைகள்.

இதைப் படித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எட்டு வயதுக்குள் பிரித்து அனுப்பப்பட்ட குழந்தை. எழுதப் படிக்க வழி இல்லாத உலகம். இருபது முப்பது வருடம், நடுவில் ஒரு போர். அதற்குப் பிறகு அதே ஆட்கள் பக்கத்தில் வந்து குடியிருக்கிறாள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் காலத்தில் நாடு முழுக்க இப்படித் தேடியிருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் வந்துகொண்டிருந்த சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் பத்திரிகையில் "லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்" என்றே ஒரு பகுதி உண்டு. என் அம்மாவை இன்னார் இன்ன ஊரில் விற்றார், அண்ணன் பெயர் இது, கண்டவர்கள் சொல்லுங்கள் என்று விளம்பரம் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் அதைப் போதகர் வாசிப்பார். பேப்பர் இல்லாதவர்கள் வாய்வார்த்தையாக, ரயில் வேலைக்குப் போனவர், சந்தைக்கு வந்தவர் மூலமாக விசாரித்திருப்பார்கள். மெல்வினியா அவர்களைத் தேடிப் போனாளா, அவர்கள் கூப்பிட்டுப் போனாளா, இல்லை எல்லோருமாகச் சேர்ந்துதான் கிங்ஸ்டனுக்கு வந்தார்களா, எப்படியானாலும் அது யாரும் உயிலில் எழுதி அனுப்பிய பயணம் இல்லை. இதுவரை அவள் என்றே எழுதிவந்தேன், இனி அவர்.

உறவும் கைகூடியது. மூத்த மகன் டால்ஃபஸ், ஈஸ்லிகளின் மகள் ஆலிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அதாவது பேட்டர்சன் பண்ணையில் பிரித்துப்போட்ட ஆட்கள் கிங்ஸ்டனில் சம்பந்திகள் ஆனார்கள். மிஷெல் ஒபாமாவின் அந்தக் கிளை முளைத்தது இங்கேதான்.

கிங்ஸ்டனில் தேடுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அங்கே அவர் மெல்வினியா ஷீல்ட்ஸ் இல்லை, மேட்டி மெக்ரூடர். முன் பெயரும் போய்ப் பின் பெயரும் போய்விட்டது. ஷீல்ட்ஸ் என்று தேடிக்கொண்டிருந்தால் ஆள் காற்றில் கரைந்த மாதிரிதான். பக்கத்து வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று யாருக்குத் தெரியும் ஹனி, பிடித்த பெயரை அவளே வைத்துக்கொண்டிருப்பாள்" என்றார்.

டால்ஃபஸ் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போனார். இரும்பும் எஃகும் ஆலைப்புகையுமாகத் திடீரென்று முளைத்த ஊர். தச்சு வேலை, 1900-க்குள் சொந்த வீடு, எழுதப் படிக்கத் தெரியும். பிறகு தச்சுக்கும் கருவிகளுக்குச் சாணை பிடிப்பதற்கும் சொந்தக் கடை. தேவாலயங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். நான்கு கல்யாணம். ஆலிஸ் முதல் மனைவி, அந்த உறவு நிலைக்கவில்லை. அவர் மகன் ராபர்ட் லீ 1906-ல் ஆனி லாசனைக் கட்டினார், கூலி வேலை, ரயிலில் போர்ட்டர் வேலை, முப்பத்திரண்டு வயது வாக்கில் தாள்களிலிருந்தே மறைந்துபோகிறார். செத்தாரா, போனாரா, கண்டவர் இல்லை. அந்த ராபர்ட்டின் மகன் பர்னெல்தான் சிகாகோவில் பெயின்டராக இருந்த பாட்டன், மேரியனின் அப்பா. டால்ஃபஸ் 1950-ல் 91 வயதில் இறந்தார். பர்மிங்ஹாம் வேர்ல்ட் என்ற கருப்பினப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவருடைய மரணச் செய்தி வந்த அன்று, தலைப்புச் செய்தி, ரயில் உணவுப் பெட்டிகளிலும் உயர்கல்வியிலும் கருப்பரைப் பிரித்துவைப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது என்பது. அடிமையாகப் பிறந்தவருக்கு இப்படி ஒரு பக்கம் வாய்த்தது. இதை யாராவது சினிமாவில் வைத்தால் ஓவர் என்று சொல்லியிருப்பேன்.

கிங்ஸ்டனில் அவருடைய அம்மா மெல்வினியா 1938 வரை இருந்தார். தொண்ணூறைத் தாண்டிய வயது. அவருடைய கடைசி இரண்டு மூன்று வருடங்களில்தான் அமெரிக்க அரசாங்கமே ஆள் அனுப்பி, உயிரோடு இருந்த முன்னாள் அடிமைகளைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தது. பதினேழு மாநிலங்களில் 2,300 பேருக்கு மேல் பேசியிருக்கிறார்கள், ஜார்ஜியாவில் மட்டுமே தடித்தடியாகத் தொகுதிகள். அவற்றில் மேட்டி மெக்ரூடர் இல்லை. அந்தக் கிழவியின் வாசலுக்கு யாரும் போகவில்லை, அல்லது போனவர்களிடம் அவர் வாய் திறக்கவில்லை.

கடைசித் தாள் இறப்புச் சான்றிதழ். உறவினர் ஒருவர் விவரம் சொல்லியிருக்கிறார். இறந்தவரின் தந்தை பெயர் என்ற கட்டத்திலும் தாய் பெயர் என்ற கட்டத்திலும் தெரியாது என்று இருக்கிறது. இவ்வளவு தேடிய ஆய்வாளர்களும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். உயிலில் அவருக்கு விலை இருந்தது, அம்மா இல்லை. மரையாவுக்கும் போலஸுக்கும் தெரிந்திருக்கும், அவர்கள் சொல்லி மெல்வினியாவுக்குமே தெரிந்திருக்கலாம். பிள்ளைகள் கேட்கவில்லையா, கேட்டும் சொல்லவில்லையா? என் அம்மா "ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்" என்றது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் விற்கவில்லை, பெயரை வெறும் சோம்பலில் தொலைத்திருக்கிறோம். மறுநாளே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். வெள்ளையம்மாளாம்.

போன மாதம் பக்கத்து வீட்டம்மாவின் ஆட்கள் கிடைத்தார்கள். 1870, ஜார்ஜியாவின் நடுப்பகுதியில் ஒரு கவுண்டி. கணக்கெடுத்தவர் பெயரைக் கன்னாபின்னாவென்று எழுதியிருந்ததால் மூன்று மாதம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அவருடைய பாட்டியின் அம்மா, பத்து வயதுச் சிறுமியாக, அப்பா அம்மா, மூன்று தம்பிகளோடு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். குடும்ப பைபிளை எடுத்து வந்து, பின்னட்டையில் பென்சிலில் எழுதியிருந்த பெயர்களோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். தம்பிகளில் ஒருவர் பெயர் பைபிளில் இல்லை. அதைத் தானே பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அதே பக்கத்தில் பதினோரு வரி மேலே அதே குடும்பப் பெயரோடு ஒரு வெள்ளையர் வீடு இருந்தது, நிலத்தின் மதிப்போடு. நான் அதை முந்தின இரவே பார்த்துவிட்டேன். 1860 அடிமை அட்டவணையில் அந்த ஆள் பெயரைப் போட்டுத் தேடினால் வயது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம், அதற்கு அடுத்து உயில், மதிப்பீடு, விலை. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் கர்சரை மேலே நகர்த்திக்கொண்டு போனார். அந்த வரியில் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இவர்தானா?" என்றார்.

இருக்கலாம் மிஸ், பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

லேப்டாப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, இந்தச் சனிக்கிழமை வேண்டாம், பேத்திக்குப் பிறந்தநாள், அடுத்த சனிக்கிழமை தானும் மோரோவுக்கு வருவதாகச் சொன்னார். அங்கே பேனா விடமாட்டார்கள் என்று ஞாபகப்படுத்தினேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளிடம் பென்சில் இருக்காதா என்றார்.